ஒலி நடந்த வழி – 17: வீட்டுக்கு வந்த நான்கு தடங்கள்

1982 ஜனவரி 3. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்றோர் ஊர். அங்கே ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில் கிடாரோடு உட்கார்ந்திருக்கிறார் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். வயது 32. அவருடைய ‘தி ரிவர்’ ஆல்பம் 1980இல் வெளிவந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. எந்த ஸ்டுடியோவின் கதவும் அவருக்குத் திறக்கும். ஆனாலும் அன்று அவர் வீட்டில்தான் பாடினார். எதிரே இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகள் இருந்தன. குரலுக்கு ஒன்று, கிடாருக்கு ஒன்று. இரண்டின் வயர்களும் ஒரு சூட்கேஸ் அளவுள்ள கருவிக்குள் போயின. அந்தக் கருவிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, நாம் எல்லோரும் கையில் எடுத்துப் பழகிய அதே கேசட்.

ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு பாட்டு எழுதினால் பணமும் காலமும் கரைந்துபோகின்றன என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. வீட்டிலேயே பாடிப் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று கேட்டார். அவருடைய கிடார்களைக் கவனித்துவந்த மைக் பேட்லன் அதை வாங்கிவந்து இணைத்துக் கொடுத்தார். அதன் பெயர் டியாக் 144 போர்ட்டாஸ்டுடியோ. அன்று பதிந்தவற்றைத் தன் குழுவினருக்குப் போட்டுக் காட்டும் மாதிரிகளாகத்தான் ஸ்பிரிங்ஸ்டீன் நினைத்திருந்தார். அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக உலகத்துக்குப் போகப்போகிறது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

அந்தக் கதைக்குத் திரும்பி வருவோம். அதற்குமுன், அந்தக் கருவி அந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

மூன்று பேர் செய்த வேலை

லெஸ் பால் என்ற கிடார் கலைஞரைப் பற்றிச் சென்ற இதழில் படித்தோம். தன் வாசிப்பின்மேல் தன் வாசிப்பையே அடுக்க வேண்டும் என்ற ஆசையில், ஒரே டேப்பில் எட்டு ஒலிகளைத் தனித்தனித் தடங்களாகப் பதியும் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எட்டுத் தட ரெக்கார்டரை 1957இல் தன் வீட்டுக்கு வரவழைத்தவர் அவர். விலை 10,000 டாலர். அந்தக் காலத்து அமெரிக்காவில் அந்தப் பணத்துக்கு நல்ல வீடே வாங்கலாம்.

அடுத்த சுமார் பதினைந்து ஆண்டுகளுக்குப் பல தட ரெக்கார்டிங் பெரிய ஸ்டுடியோக்களின் சொத்தாகவே இருந்தது. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் தொழில்நுட்பப் பொறியாளர்கள் வெள்ளைக் கோட்டு அணிந்து நடமாடினார்கள். 1967இல் வெளிவந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தைப் பீட்டில்ஸ் பதிந்தது ஸ்டூடர் ஜே37 என்ற நான்கு தட ரெக்கார்டரில். ஓர் அங்குல அகல டேப்பில் நான்கே தடங்கள். அத்தகைய இடத்தில் பாடுகிறவர் ஒருவர், கருவியை இயக்குகிறவர் இன்னொருவர், அதைத் துடைத்து அளந்து சீராக வைத்திருப்பவர் மூன்றாமவர். பாடகருக்கும் கருவிக்கும் நடுவே எப்போதும் ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது.

1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் டியாக் நிறுவனம் கால் அங்குல டேப்பில் ஓடும் 3340 என்ற நான்கு தட ரீல் ரெக்கார்டரைக் கொண்டுவந்தபோது அந்தச் சுவரில் முதல் விரிசல் விழுந்தது. வசதியுள்ள இசைக்கலைஞர்கள் அதை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குத் தனியாக ஒரு மிக்சர் வேண்டும். ரீல்களைத் தூக்கி மாட்ட வேண்டும், டேப்பைக் கோக்க வேண்டும், வயர்களை இணைக்க வேண்டும். 1979இல் வந்த போர்ட்டாஸ்டுடியோ இவை எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது. விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர். மூன்று பேர் செய்த வேலை ஒருவர் கைக்கு வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவதும் அதையே.

கோட்டுப் பைக்கு அளவெடுத்த கேசட்

கேசட்டை உருவாக்கியது பிலிப்ஸ் நிறுவனம். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் இருந்த தொழிற்சாலையில் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளர் தலைமையில் வேலை நடந்தது. தன் கோட்டுப் பையில் நுழையும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, கருவி இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று அவர் தீர்மானித்தார். 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் அறிமுகமானது.

பேச்சைப் பதிந்துகொள்ளப் போதுமான பொருளாகவே முதலில் அதைக் கருதினார்கள். டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர். வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஸ்டீரியோ கேசட்டில் அந்த அகலம் நான்கு தடங்களாகப் பிரிகிறது. முதல் இரண்டும் ‘ஏ’ பக்கத்தின் இடதும் வலதும். அடுத்த இரண்டும் ‘பி’ பக்கத்துக்கு உரியவை. கேசட்டைத் திருப்பிப் போடும்போது டேப்பின் மறுபாதி, ஒலியைப் பதிந்து ஒலிக்கும் பாகமான ஹெட்டின்முன் வருகிறது, எதிர்த்திசையில் ஓடுகிறது.

டியாக் பொறியாளர்கள் இந்த அமைப்பையே பிடித்துக்கொண்டார்கள். திருப்பிப் போடுவதை விட்டுவிட்டு நான்கு தடங்களையும் ஒரே திசையில் ஓட விட்டால், ஒரு சாதாரண கேசட்டே நான்கு தட ரெக்கார்டர் ஆகிவிடும். கூடவே வேகத்தை இரட்டித்து நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் ஆக்கினார்கள். வேகம் கூடினால் உச்ச ஒலிகள் தெளியும், இரைச்சல் குறையும். அதற்குக் கொடுத்த விலை நேரம். ‘சி-60’ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும். இந்தக் கருவியில் அது 15 நிமிடமாகச் சுருங்கும். மறுபக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.

பீட்டில்ஸின் ஒரு நொடிப் பாட்டுக்கு ஓர் அங்குல அகலத்தில் 38 சென்டிமீட்டர் டேப் ஓடியது. போர்ட்டாஸ்டுடியோவில் ஒரு நொடிக்குக் கிடைத்த டேப்பின் பரப்பு அதில் சுமார் 27இல் ஒரு பங்கு. ஒவ்வொரு தடத்துக்கும் கிடைத்த அகலம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். இவ்வளவு குறுகிய வரப்பில் நான்கு பயிர் வைத்தவர்களின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

ஒரு தடம் ஓட, ஒரு தடம் எழுத

பழைய ரீல் ரெக்கார்டர்களில் பதியும் ஹெட் ஓரிடத்தில், ஒலிக்கும் ஹெட் அதற்குச் சில சென்டிமீட்டர் தள்ளி இருந்தன. முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே புதிதாகப் பாடினால், அந்த இடைவெளி அளவுக்குத் தாளம் பிந்திப்போகும். பதியும் ஹெட்டையே தற்காலிகமாக ஒலிக்கும் ஹெட்டாகவும் பயன்படுத்தி ஆம்பெக்ஸ் இதற்கு வழி கண்டதைச் சென்ற இதழில் பார்த்தோம். கேசட் கருவியில் இந்தச் சிக்கலே எழவில்லை. பதிவதும் ஒலிப்பதும் ஒரே ஹெட். அதனுள் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு இடுக்குகள். முதல் இடுக்கு பழைய குரலை ஒலிக்கும் அதே கணத்தில், அதற்குக் கீழே உள்ள இடுக்கு புதிய குரலைப் பதியும். அழிக்கும் ஹெட்டும் நான்காகப் பிரிந்திருக்கும். அதனால் ஒரு தடத்தை அழித்தாலும் பக்கத்துத் தடம் பிழைத்துக்கொள்ளும்.

இயக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் கேசட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘குரோம்’ என்று கடைகளில் சொல்லப்பட்ட டைப் 2 வகை இந்தக் கருவிகளுக்கு ஏற்றது. நீளம் 60 நிமிடமோ அதற்குக் குறைவோ இருப்பது நல்லது. ‘சி-90’ கேசட்டின் டேப் மெலிந்தது, ‘சி-120’ அதைவிட மெலிந்தது. திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் ஓட்டும் வேலைக்கு அது தாங்காது, நீளும், சுருங்கும், சிக்கும். புதிய கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ள வேண்டும். அப்போது டேப்பின் இறுக்கம் ஒரே சீராகும். தொடக்கத்தில் சில நொடிகளுக்குக் காந்தப் பூச்சு இல்லாத வெறும் நாடா வரும். அது கடந்த பிறகே பதிய வேண்டும்.

அடுத்து ஒலி அளவு. மிகக் குறைவாகப் பதிந்தால் டேப்பின் இரைச்சல் மேலே தெரியும். மிக உரக்கப் பதிந்தால் ஒலி உடையும், பக்கத்துத் தடத்துக்கும் கசியும். மீட்டரின் முள் சுழியத்தை ஒட்டி ஆட வேண்டும், சிவப்புப் பகுதிக்குள் எப்போதாவது எட்டிப்பார்க்கலாம். இந்தக் கணக்கு புத்தகத்தில் வராது. ஒவ்வொரு பாட்டுக்கும் நாலைந்து முறை பாடிப் பார்த்துத்தான் கைக்கு வரும்.

பிறகு தாளம் முதல் தடத்தில். அதைக் காதில் கேட்டுக்கொண்டே கிடார் இரண்டாம் தடத்தில். குரல் மூன்றில். துணைக்குரல் நான்கில். எல்லாம் முடிந்ததும் நான்கையும் கலந்து வேறொரு டேப் ரெக்கார்டரில் ஸ்டீரியோவாக இறக்க வேண்டும். எந்தத் தடத்தில் எது, எந்த எண்ணில் தொடங்குகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துவைப்பது வழக்கம். அந்தக் காகிதத்தைத் தொலைத்தவர் பாட்டைத் தொலைத்தவர்.

நான்கைப் பத்தாக்கும் கணக்கு

நான்கு தடம் போதாதவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘பவுன்ஸ்’ என்பது அதன் பெயர். மூன்று தடங்களில் பதிந்ததைக் கலந்து நான்காவதற்குள் ஊற்றிவிட்டால் முதல் மூன்றும் காலியாகும். ஊற்றும்போதே நேரலையாக இன்னொன்றையும் வாசித்துச் சேர்த்தால், நான்காம் தடத்தில் நான்கு பங்குகள். அடுத்து முதல் இரண்டில் பதிந்து, கூடவே ஒன்று வாசித்து மூன்றாவதற்கு மாற்றினால் அங்கே மூன்று. பிறகு முதல் தடத்தில் ஒன்று பதிந்து, இன்னொன்றைச் சேர்த்து இரண்டாவதற்கு மாற்றினால் அங்கே இரண்டு. கடைசியாக முதல் தடத்தில் ஒன்று. நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்றும் சேர்ந்தால் பத்து.

காகிதத்தில் எளிதாகத் தெரியும் இந்தக் கணக்குக்குள் ஒரு கடுமை இருக்கிறது. ஊற்றிய பிறகு அளவை மாற்ற முடியாது. தாளம் உரக்க இருந்தால் இருந்ததுதான், துணைக்குரல் அமுங்கியிருந்தால் அமுங்கியதுதான். பழைய தடங்களின்மேல் புதியதைப் பதிந்தவுடன் திரும்பிப்போகும் பாதை அடைபட்டுவிடும். ஒவ்வொரு மாற்றத்திலும் இரைச்சல் ஒரு படி ஏறும், உச்ச ஒலி ஒரு படி இறங்கும். அதனால், பாட்டின் கடைசி வடிவத்தை மனத்துக்குள் முன்னதாகவே கேட்டுவிட்டவரால் மட்டுமே நன்றாகப் பவுன்ஸ் செய்ய முடிந்தது. கோலம் போடுகிறவர் முதல் புள்ளி வைக்கும்போதே முழு வடிவத்தையும் கண்டுவிடுவதைப் போன்றது அது.

கேசட்டைத் திருப்பிப் போட்டு விளையாடியவர்களும் உண்டு. அப்போது பதிந்தவை பின்னிருந்து முன்னாக ஒலிக்கும், முதல் தடம் நான்காவதாக மாறியிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே கிடார் வாசித்துப் பதிந்து, மறுபடி நேராகத் திருப்பினால், பாட்டு நேராகவும் கிடார் தலைகீழாகவும் வரும். இதே கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டால் இரண்டு தடங்கள் மட்டும் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒலிக்கும். மறுபக்கத்தில் மற்ற இரண்டும் தலைகீழாகப் புலம்பும்.

ஒரு மைக்ரான் அழுக்கு

0.6 மில்லிமீட்டர் தடத்தில் இரைச்சல் பெரும் பகை. போர்ட்டாஸ்டுடியோ 144இல் டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு இருந்தது. 1982இல் வந்த அடுத்த மாடலான 244இல் டிபிஎக்ஸ் என்ற முறையைப் பொருத்தினார்கள். பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்கும், கேட்கும்போது இரண்டு மடங்காக விரிக்கும். அந்த விரிப்பில் டேப்பின் இரைச்சல் அடியில் போய்விடும். டால்பி பி சுமார் 10 டெசிபல் குறைத்தது என்றால், இது சுமார் 30 டெசிபல் குறைத்தது.

ஆனால் ஒலியை இரட்டிப்பது தவறையும் இரட்டிக்கும். ஹெட்டில் அழுக்குப் படிந்து டேப்பிலிருந்து வரும் ஒலி 3 டெசிபல் குறைந்தால், விரித்தபின் அந்தக் குறை 6 டெசிபல் ஆகும். இந்த இடத்தில்தான் பராமரிப்பு என்பது இசையின் பகுதி ஆகிறது.

அழுக்கின் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் ஓடும் டேப்பில், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 9.5 மைக்ரான் நீளமே இருக்கும். ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே ஒரே ஒரு மைக்ரான் அளவுக்குப் பிசுக்குச் சேர்ந்தாலும், அந்த ஒலி ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் தலைமுடியின் பருமன் அதைப்போல ஐம்பது முதல் நூறு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத பழுப்புப் படலம் ஒன்று, ஜாலராவின் கிணுகிணுப்பையும் குரலின் ‘ச’கரத்தையும் விழுங்கிவிடும்.

ஸ்டுடியோவில் இதைப் பார்த்துக்கொள்ள வெள்ளைக் கோட்டுக்காரர் இருந்தார். வீட்டில் பாடகரே அவர்.

பஞ்சும் பொறுமையும்

வேலைக்கு உட்காருமுன் ஹெட்டைத் துடைக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். நீர் கலவாத வகையாக இருப்பது நல்லது. டேப் ஓடும் திசையிலேயே மெதுவாகத் துடைத்து, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறாமல் வரும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அழிக்கும் ஹெட், டேப்பை வழிநடத்தும் ஓரங்கள், கேப்ஸ்டன் என்னும் மெல்லிய எஃகுத் தண்டு ஆகியவற்றுக்கும் இதே வைத்தியம். கேப்ஸ்டன்மேல் அழுத்தி டேப்பை இழுக்கும் ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹாலைத் திரும்பத் திரும்பப் போடக்கூடாது. ரப்பர் வறண்டு பளபளத்துப் போகும், பிடிப்பு விடும், பாட்டு அலையும். அதற்கென்று உள்ள ரப்பர் திரவமோ மென்மையான சோப்புத் தண்ணீரோ போதும். நன்றாக உலர்ந்த பிறகே கேசட்டைப் போட வேண்டும்.

அடுத்து காந்தம் நீக்குவது. பல மணி நேரம் டேப் உரசிச் செல்லும்போது ஹெட்டிலும் கேப்ஸ்டனிலும் சிறிதளவு காந்தம் தங்கிவிடும். அது ஒவ்வொரு முறையும் டேப்பிலிருந்து உச்ச ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். சுமார் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ‘டீமேக்னடைசர்’ கொண்டு அதை நீக்குவார்கள். ரெக்கார்டரை அணைத்து, கேசட்டுகளை அப்புறப்படுத்திவிட்டு, டீமேக்னடைசரை ஒரு கை தூரத்துக்கு அப்பால் வைத்து இயக்க வேண்டும். பிறகு மெல்ல நெருங்கி, ஹெட்டின்முன் ஆட்டி, அதைவிட மெதுவாக விலகி, மறுபடி ஒரு கை தூரம் போன பிறகே அணைக்க வேண்டும். அருகில் வைத்தபடி அணைத்துவிட்டால், நீக்க வந்த காந்தத்தைவிடப் பெரிய காந்தத்தை ஏற்றிவிட்டுப் போனதாகும். அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது.

ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். ஹெட்டின் இடுக்கு டேப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி சாய்வைச் சரிசெய்வது அது. ஒலி மங்கிவிட்டது என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதைத் திருப்பிவிடுவது பலர் செய்த தவறு. சாய்வைச் சரிபார்க்க உதவும் அளவு டேப் கையில் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. சாய்வு மாறினால் அந்தக் கருவியில் அதுவரை பதிந்த கேசட்டுகள் அத்தனையும் மங்கிப்போகும்.

உள்ளே ரப்பர் பெல்ட்டுகள் இருக்கின்றன. ஆண்டுகள் ஆக ஆக அவை தளர்ந்து, சில கருவிகளில் தார்போல இளகி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கறுப்புப் பசையை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டுத்தான் புதிய பெல்ட் மாட்ட வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகளில் தூசி ஏறினால் ‘கரகர’வென்று சத்தம் வரும். பயன்படுத்தாமல் மூடிவைத்த கருவிக்கே இந்த நோய்கள் அதிகம். மாதம் ஒருமுறையாவது ஓட்டி, நெம்புகளை மேலும் கீழும் நகர்த்திவிட வேண்டும். ‘பிளே’ பட்டனை அழுத்தியபடி மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போனால், ரப்பர் உருளையில் பள்ளம் விழுந்துவிடும்.

கேசட்டுகளுக்கு வெயிலும் ஈரமும் ஒலிபெருக்கியின் காந்தமும் ஆகாது. நம் கடலோர ஊர்களில் பழைய கேசட்டின் சுருளில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, நாலு நாள் காத்திருந்து வாங்கிய கேசட்டுக்கும் அதே கதிதான். அந்தக் கேசட்டை அப்படியே ஓட்டினால் பூஞ்சை ஹெட்டுக்கும், ஹெட்டிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

ஜீன்ஸ் பையில் ஓர் ஆல்பம்

இப்போது கோல்ட்ஸ் நெக் அறைக்குத் திரும்புவோம். ஸ்பிரிங்ஸ்டீன் இரண்டு தடங்களில் குரலையும் கிடாரையும் பதிந்தார். மிஞ்சிய இரண்டு தடங்களில் துணைக்குரல், மவுத் ஆர்கன், தாளம் என்று பாட்டுக்குத் தேவையானதை மட்டும் சேர்த்தார். எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக அந்த நான்கு தடங்களையும் கலந்து, வீட்டில் கிடந்த ஒரு பானாசோனிக் டேப் ரெக்கார்டரில் இறக்கினார். அவ்வாறு இறங்கிய கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் திரிந்தார்.

அந்த வசந்தத்தில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் தன் ஈ ஸ்ட்ரீட் குழுவோடு அதே பாட்டுகளைப் பதிந்து பார்த்தார். சில பாட்டுகள் குழுவோடு புதிய உயிர் பெற்றன. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ என்ற பாட்டும் அந்தக் கேசட்டில் இருந்ததுதான். ஆனால் மற்றவற்றைத் தேர்ந்த கலைஞர்கள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும், படுக்கையறையில் இருந்த அந்தத் தனிமை கூடிவரவில்லை. கடைசியில் பையில் கிடந்த கேசட்டையே வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள்.

அங்கே தொடங்கியது பொறியாளர்களின் பாடு. அந்தக் கேசட்டிலிருந்து இசைத்தட்டு வெட்ட முயன்றபோது முறையாக வரவில்லை. ஓர் இடத்தில் தோற்று இன்னோர் இடத்துக்கு என்று அந்த டேப் சுற்றியது. கேசட்டாக மட்டுமே வெளியிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். முடிவில் அட்லாண்டிக் நிறுவனத்தின் பொறியாளர் டென்னிஸ் கிங், ஒலி அளவைத் தாழ்த்தித் தட்டு வெட்டினார். 1982 செப்டம்பர் 30 அன்று ‘நெப்ராஸ்கா’ வெளிவந்தது.

இதில் இரண்டு உண்மைகள் சேர்ந்தே நிற்கின்றன. கண்ணாடிச் சுவர் இல்லாத அறையில்தான் அந்தக் குரல் அப்படி வெளிப்பட்டது. அந்தக் குரலை உலகத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்க, கருவியையும் டேப்பையும் அறிந்த கைகள் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. மூன்றாமவர் செய்த வேலை எங்கும் மறைந்துவிடவில்லை, இடம் மட்டும் மாறியது.

பரவலும் ஓய்வும்

1980களில் இந்தக் கருவி வேகமாகப் பரவியது. ஃபாஸ்டெக்ஸ் நிறுவனம் 250 என்ற மாடலோடு போட்டிக்கு வந்தது. அதன் எக்ஸ்-15 மாடலும், 1984இல் வந்த டாஸ்கம் போர்ட்டா ஒன்னும் பேட்டரியிலும் ஓடின. டாஸ்கம் என்பது டியாக் நிறுவனத்தின் தொழில்முறைப் பிரிவு. அதே 3.81 மில்லிமீட்டர் டேப்பில் எட்டுத் தடங்களை அடக்கிய 238 என்ற மாடலையும் அவர்கள் பிறகு கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் பி.ஜே. ஹார்வி தன் வீட்டு நான்கு தடப் பதிவுகளை 1993இல் ‘4-டிராக் டெமோஸ்’ என்ற ஆல்பமாகவே வெளியிட்டார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ராபர்ட் பொல்லார்டின் ‘கைடட் பை வாய்சஸ்’ குழு, 1994இல் வந்த ‘பீ தவுசண்ட்’ ஆல்பத்தின் பெரும்பகுதியை நான்கு தட வீட்டுக் கருவிகளில் பதிந்தது. இரைச்சலைக் குறையாக எண்ணிக் கூசாமல், பாட்டின் இயல்பாக ஏற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அது.

இன்று ஒரு கைப்பேசியில் இதைவிடப் பல மடங்கு தடங்கள் கிடைக்கின்றன. அழித்ததை மீட்கலாம், கலந்ததைப் பிரிக்கலாம். இருந்தும் பழைய போர்ட்டாஸ்டுடியோக்களைத் தேடி வாங்கி, இளகிய பெல்ட்டைச் சுரண்டி எடுத்து, ரப்பர் உருளையை மாற்றி, ஓட வைக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள் இல்லை. வீட்டுப் பரணில் கிடந்த ஒரு கேசட்டைத் திரும்பக் கேட்க வேண்டும் என்ற தவிப்பில் பஞ்சுக்குச்சியைக் கையில் எடுத்தவர்கள். நான்கு தடக் கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டர் பாதி வேகத்தில்தான் ஒலிக்கும் என்று மேலே பார்த்தோம். அதனால் ஒவ்வொரு கருவி பழுதாகிக் குப்பைக்குப் போகும்போதும், அதில் பதிந்த பாட்டுகளைத் திறக்கும் சாவி ஒன்று குறைகிறது. அப்படி ஒரு கருவி உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திறந்து, துடைத்து, ஓட்டிப் பாருங்கள். ஒரு தடத்தில் யாரோ தாளம் தட்டுவதும், அடுத்த தடத்தில் அதே ஆள் பாடுவதும் இன்னும் காத்திருக்கலாம்.

*(அடுத்த இதழில்: வீடியோ டேப்பில் எட்டுத் தடங்களை எண்களாக எழுதிய அலெசிஸ் ஏடாட், ஸ்டுடியோக்களின் கணக்கைப் புரட்டிப்போட்ட கதை.)*